உங்கள் எட்சிங் தொட்டிக்கு ஏற்ற கீகேட்: எலெக்ட்ரானிக்ஸ் லேப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலிடெக்னிக் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ் லேப்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும், இன்ஸ்ட்ரக்டர்களுக்கும், லேப் அசிஸ்டென்ட்களுக்கும்:

கோவையில் சிறிய அளவில் பிசிபி டிசைன் செய்து கொடுக்கிறவன் நான். டிப்ளமோ ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் வேலை கேட்டு வருவார்கள். 7805-இன் மூன்று கால்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சால்டரிங் கை சுத்தமாக இருக்கும். கணினி முன் உட்காரவைத்து ஒரு பவர் சப்ளை போர்டு வரையச் சொன்னால் மட்டும் மவுஸ் நகராது. லேப்பில் சாஃப்ட்வேர் இல்லையா என்று கேட்டால், “இருந்துச்சு சார், ஆனா ரெசிஸ்டரைத் தேடினா லிஸ்ட்டே காலியா இருக்கும்” என்பான் ஒருவன். “வீட்டுல போட்ட ஃபைலு லேப்ல திறக்கவே இல்ல சார்” என்பாள் இன்னொருத்தி. “போர்டு வரைஞ்சோம், எட்ச் பண்ணப்ப டிராக் எல்லாம் கரைஞ்சு போச்சு” என்பது அடுத்த குரல்.

இந்த மூன்றும் மாணவர்களுடைய குறைகள் என்று நான் நினைக்கவில்லை. இன்ஸ்டால் செய்த விதத்தில் இருக்கும் குறைகள். மூன்றையும் லேப் திறப்பதற்கு முன்பே தீர்க்கலாம், அதைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் இந்த மடல் முதல்வருக்கும் போகாமல், மாணவர்களுக்கும் போகாமல், உங்களுக்கு வருகிறது.

பிசிபி வரைய எந்த சாஃப்ட்வேர் என்ற பேச்சை நீட்ட மாட்டேன். கீகேட் போடுங்கள். 1992-இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் ழான் பியேர் ஷரா என்ற பேராசிரியர் எழுதத் தொடங்கியது. 2013-இலிருந்து செர்ன் ஆய்வகத்தின் உழைப்பும் சேர்ந்தது, 2019-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடைக்குள் வந்தது. காசு கிடையாது, லைசென்ஸ் சாவி கிடையாது, போர்டு அளவுக்கும் லேயர் எண்ணிக்கைக்கும் பூட்டுப் போடவில்லை. பல லேப்களில் இன்னும் ஈகிள் ஓடுகிறது என்று தெரியும். அதன் இலவசப் பதிப்பில் போர்டு 80 சதுர செ.மீ.யைத் தாண்ட முடியாது. அதுவும் போகட்டும், 2026 ஜூன் 7-உடன் ஈகிளை நிறுத்துவதாக அதை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023-லேயே அறிவித்துவிட்டது. பழைய ஈகிள் ஃபைல்களை கீகேட் இறக்கிக்கொள்ளும், ஆகவே சேர்த்து வைத்த பாடங்கள் வீணாகாது.

இன்னொரு பழக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விலை அதிகமான ஒரு சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பு பென் டிரைவில் லேப் லேப்பாகச் சுற்றுகிறது. அதைப் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் கூடவே வரும். அணைக்கச் சொல்வது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது: ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆனாலும் ஆசிரியர் கையால் பிள்ளைகளுக்கு அறிமுகமாக வேண்டிய முதல் தொழில் கருவி அதுவா?

இனி வேலைக்கு வருவோம். எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பழைய பாடக் குறிப்புகளிலும் பழைய புத்தகங்களிலும் கீகேட்-பிசிபி என்று தொடங்கும் முகவரி இருக்கும். அந்த முகவரி 2021-இல் வேறு யாருக்கோ விற்கப்பட்டது. அதை நம்ப வேண்டாம் என்று கீகேட் குழுவே அப்போது எச்சரித்தது. கீகேட் டாட் ஓஆர்ஜி என்பதுதான் சரியான இடம். விண்டோஸ் இன்ஸ்டாலர் 1 ஜிபியைத் தாண்டும். லேப்பில் உள்ள எல்லாக் கணினியிலும் தனித்தனியாக இறக்கினால் கல்லூரி இன்டர்நெட் அன்றைக்கு எழுந்திருக்காது. ஒரு முறை இறக்கி, பென் டிரைவில் வைத்து எல்லாவற்றிலும் போடுங்கள். சிம்பல், ஃபுட்பிரிண்ட், 3டி மாடல் எல்லாம் உள்ளேயே இருப்பதால் அதன் பிறகு நெட் தேவைப்படாது. வட்டில் பல ஜிபி இடம் கேட்கும். பழைய கணினியில் இடம் போதவில்லை என்றால் 3டி மாடல்களை மட்டும் விட்டுவிடலாம். படம் அழகாகத் தெரியாது, போர்டு நன்றாகவே வரும்.

அடுத்தது பதிப்பு எண். நான் சொல்லவந்தவற்றில் பாதி இதில் அடங்கிவிடும். கீகேட்டின் புதிய பெரிய பதிப்பில் சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்காது. ஏழாம் பதிப்பு 2023 பிப்ரவரியில், எட்டாவது 2024 பிப்ரவரியில், ஒன்பதாவது 2025 பிப்ரவரியில் வந்தன. ஆண்டுக்கு ஒன்று. மாணவி வீட்டில் ஒன்பதில் வரைகிறாள், லேப்பில் ஏழு இருக்கிறது, கதை முடிந்தது. லினக்ஸ் லேப்களில் இது இன்னும் மோசம். உபுண்டு 22.04-இல் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அப்படியே போட்டால் ஆறாம் பதிப்பு வரும், 24.04-இல் ஏழாம் பதிப்பு வரும். பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் வேறு வேறு பதிப்பு உட்கார்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது. கீகேட் குழு தனியாக நடத்தும் பிபிஏ களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டுப் போடுங்கள், அல்லது ஃபிளாட்பேக் வழியாகப் போடுங்கள். கல்வியாண்டு தொடங்கும்போது ஒரு பதிப்பைத் தீர்மானித்து, அந்த எண்ணை லேப் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டிலும் அதையே போடச் சொல்லுங்கள். ஆண்டு நடுவில் புதிது வந்தாலும் மாற வேண்டாம். ஒரே விண்டோஸில் இரண்டு பெரிய பதிப்புகள் தனித்தனி ஃபோல்டரில் சண்டையில்லாமல் இருக்கும் என்பதால், ஆசை உள்ளவர்கள் தங்கள் மேசைக் கணினியில் புதியதைப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் 7 இன்னும் உயிரோடு இருக்கும் லேப்களுக்கு ஒரு வார்த்தை: புதிய கீகேட் அதில் வராது. ஐந்தாம் பதிப்பை வைத்து ஓட்டுவதைவிட அந்தக் கணினிகளில் லினக்ஸ் போடுவது மேல்.

இன்ஸ்டாலர் முடிந்ததும் வேலையே முடிந்தது என்று நினைப்பதில்தான் அந்தக் காலி லிஸ்ட் பிறக்கிறது. கீகேட்டை முதல் முறை திறக்கும்போது பழைய செட்டிங்கை எடுத்துக்கொள்ளவா, புதிதாகத் தொடங்கவா என்று கேட்கும். பிறகு ஸ்கிமேட்டிக் எடிட்டரை முதல் முறை திறக்கும்போது சிம்பல் லைப்ரரி அட்டவணை பற்றி ஒரு கேள்வி வரும். சாஃப்ட்வேருடன் வந்த அட்டவணையை நகலெடு என்பது முதல் வழி, அதையே பரிந்துரைக்கிறோம் என்றும் பக்கத்தில் போட்டிருக்கும். காலி அட்டவணை உருவாக்கு என்பது கடைசி வழி. பிசிபி எடிட்டரிலும் ஃபுட்பிரிண்டுக்கு இதே கேள்வி. அவசரத்தில் எதையோ கிளிக் செய்து காலி அட்டவணையைத் தேர்ந்துவிட்டால் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எதுவும் வராது. பையன் சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்பான், நீங்கள் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவீர்கள், பிரச்சினை அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்தத் தேர்வு புரோகிராம் ஃபோல்டரில் பதிவாவதில்லை. யூசரின் ஆப்டேட்டாவில் ரோமிங்குக்குள் கீகேட், அதற்குள் பதிப்பு எண் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஃபோல்டரைத் தெரிந்துகொண்டால் இன்னொரு தலைவலியும் தீரும். நீங்கள் அட்மின் லாகினில் எல்லாவற்றையும் அழகாக அமைத்துவிட்டு வருவீர்கள். மாணவர்கள் ஸ்டூடன்ட் லாகினில் நுழைவார்கள், அங்கே எல்லாக் கேள்விகளும் முதலிலிருந்து வரும். டீப் ஃப்ரீஸ் போட்ட லேப் என்றால் தினமும் காலையில் வரும். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே. ஆகவே ஃப்ரீஸை எடுத்துவிட்டு, ஸ்டூடன்ட் லாகினிலேயே நுழைந்து, கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லி, செட்டிங் எல்லாம் முடித்த பிறகு மறுபடி ஃப்ரீஸ் செய்யுங்கள். மற்றக் கணினிகளில் இத்தனையும் திரும்பச் செய்ய வேண்டாம். அமைத்து முடித்த அந்த ஃபோல்டரை அங்கேயும் அதே இடத்தில் நகலெடுத்து வைத்தால் போதும். மாணவர்களின் வேலையைச் சேமிக்க ஃப்ரீஸ் ஆகாத டி டிரைவில் ஒரு ஃபோல்டர் ஒதுக்குங்கள்.

திரை தொடர்பாக ஒன்று. கீகேட்டுக்கு ஓபன்ஜிஎல் 2.1 தேவை. மிகப் பழைய கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் பிசிபி எடிட்டர் திறந்ததும் திரை கறுத்துப் போகலாம் அல்லது கோடுகள் சிதறலாம். பிரிஃபரன்சஸில் காமன் என்ற பக்கத்தில் ரெண்டரிங்கை ஃபால்பேக் என்று மாற்றினால் மெதுவாக ஓடினாலும் ஓடும். அதே பக்கத்தில் ஆட்டோ சேவ் நிமிடக் கணக்கும் இருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன லேப் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். அதை இரண்டு நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

ஸ்கிமேட்டிக்கில் கிரிட்டைத் தொடக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கீகேட் லைப்ரரியின் சிம்பல் கால்கள் எல்லாம் 50 மில், அதாவது 1.27 மி.மீ. கிரிட்டில் உட்காரும்படி வரையப்பட்டவை. ஒயர் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று யாராவது கிரிட்டைச் சிறிதாக்கி வரைந்தால், கண்ணுக்கு ஒட்டியது போலத் தெரியும், உள்ளே இணைப்பு இருக்காது. போர்டுக்குப் போன பிறகுதான் அந்தக் காலுக்கு ஒயரே இல்லை என்று தெரியவரும்.

இப்போது கரைந்து போன டிராக்குக்கு வருகிறேன். கீகேட்டின் தொடக்க அளவுகள் தொழிற்சாலையை மனதில் வைத்துப் போடப்பட்டவை. டிராக் அகலம் 0.2 மி.மீ., இடைவெளி 0.2 மி.மீ. சீனத்திலோ பெங்களூரிலோ உள்ள ஃபேப் இதைச் சிரித்துக்கொண்டே செய்யும். உங்கள் லேப்பிலோ லேசர் பிரிண்ட், இஸ்திரிப் பெட்டி, பிளாஸ்டிக் தட்டில் ஃபெரிக் குளோரைடு, கையால் பிடிக்கும் டிரில். டோனர் ஓரங்களில் கரைசல் உள்ளே அரித்துக்கொண்டு போகும். 35 மைக்ரான் தாமிரம் கரைந்து முடிவதற்குள் 0.2 மி.மீ. டிராக் காணாமல் போய்விடலாம். மாணவன் தப்பாக வரையவில்லை. உங்கள் தட்டில் என்ன நிற்கும் என்று சாஃப்ட்வேருக்கு யாரும் சொல்லவில்லை.

போர்டு செட்டப்பில் நெட் கிளாஸ் என்ற பகுதியில் அதைச் சொல்லிவிடலாம். சாதாரண சிக்னலுக்கு 0.8 மி.மீ. டிராக், 0.5 மி.மீ. இடைவெளி என்று தொடங்குங்கள். பவர், கிரவுண்டுக்கு 1.5 மி.மீ. என்று தனி கிளாஸ் வையுங்கள். கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் பக்கத்தில் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லையையும் போட்டுவிட்டால், யாராவது மெல்லிய டிராக் இழுத்தாலும் போர்டு விதிகளைச் சரிபார்க்கும் டிஆர்சி கத்தும். டிப் ஐசியின் கால்களுக்கு நடுவே டிராக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். 2.54 மி.மீ. தூரத்தில் 1.6 மி.மீ. பேட் இரண்டு உட்கார்ந்தால் நடுவே 0.94 மி.மீ. தான் மிச்சம். உங்கள் விதிகளின்படி அதில் டிராக் நுழையாது, டிஆர்சி தடுக்கும், பிள்ளை சுற்றிப் போகவோ ஜம்பர் போடவோ கற்றுக்கொள்ளும். ஒற்றைப் பக்க போர்டுக்குக் கீழ்த் தாமிர லேயரில் மட்டும் வரையச் சொல்லுங்கள். காலி இடத்தையெல்லாம் கிரவுண்ட் ஜோனாக நிரப்பினால் கரைக்க வேண்டிய தாமிரம் குறையும், ஃபெரிக் குளோரைடு டப்பா இன்னும் சில பேட்சுக்கு வரும். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு டப்பா வாங்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஃபுட்பிரிண்ட் தேர்விலும் இதே கண் வேண்டும். டிப் ஐசிக்கு வழக்கமான ஃபுட்பிரிண்டை எடுத்தால் 0.8 மி.மீ. துளையைச் சுற்றி 0.4 மி.மீ. தாமிர வளையம்தான் மிஞ்சும். கை டிரில் கொஞ்சம் விலகினால் வளையம் பெயர்ந்துவிடும். அதே லைப்ரரியில் லாங்பேட்ஸ் என்று முடியும் பெயரில் நீண்ட பேட் உள்ள வகை இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லுங்கள். பிசி547 போன்ற டிரான்சிஸ்டருக்கு கீகேட் தானாகக் கொடுக்கும் டிஓ-92 ஃபுட்பிரிண்டில் கால்கள் 1.27 மி.மீ. தூரத்தில் நிற்கும், பேடுகளுக்கு நடுவே கால் மி.மீ. கூட இருக்காது. சால்டர் மாஸ்க் இல்லாத லேப் போர்டில் ஈயம் ஓடி ஒட்டிக்கொள்ளும். வைட் என்று முடியும் வகையில் தூரம் 2.54 மி.மீ. நாம் கால் வாட் ரெசிஸ்டர் என்பதை கீகேட் டின்0207 என்று எழுதும், 10.16 மி.மீ. தூரம் உள்ளதை எடுத்தால் கால்களை இயல்பாக வளைத்துச் செருகலாம். 1என்4007 டயோடின் கால் தடிமனானது, 0.8 மி.மீ. துளைக்குள் நுழையாமல் போகலாம், அதற்கு 1 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

இதையெல்லாம் மாணவர்கள் ஆயிரக்கணக்கான பெயர்களுக்குள் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் ஸ்டோரில் உண்மையில் இருக்கும் பொருட்களுக்கு மட்டும் லேப்பின் பெயரில் ஒரு சிறு சிம்பல் லைப்ரரி, ஒரு ஃபுட்பிரிண்ட் லைப்ரரி உருவாக்குங்கள். சிம்பலிலேயே சரியான ஃபுட்பிரிண்டைப் பொருத்திவிடுங்கள். அந்த லைப்ரரியைப் பின் செய்தால் பட்டியலில் முதலில் வந்து நிற்கும். ஒரு விடுமுறை வாரத்தில் முடிகிற வேலை, வருடக்கணக்கில் பயன்படும்.

விதிகளுக்கும் அப்படியே ஒரு வழி இருக்கிறது. நெட் கிளாஸ், எல்லைகள், கல்லூரிப் பெயர் போட்ட டிராயிங் ஷீட் எல்லாவற்றையும் ஒரு காலி புராஜெக்டில் அமைத்து, அதை யூசர் டெம்ப்ளேட் ஃபோல்டரில் வைத்துவிடலாம். உள்ளே மெட்டா என்ற சிறு ஃபோல்டரும் அதில் ஒரு இன்ஃபோ பக்கமும் இருந்தால் கீகேட் அதை டெம்ப்ளேட்டாக அடையாளம் காணும். மாணவர்கள் புதிய புராஜெக்டை டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கினால், உங்கள் தட்டுக்கு ஏற்ற அளவுகள் முதல் நிமிடத்திலேயே கையில் இருக்கும்.

பிரிண்ட் எடுக்கும்போது எங்கு தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோனர் டிரான்ஸ்ஃபருக்குக் கீழ்த் தாமிர லேயரை மிரர் செய்யாமல் எடுக்க வேண்டும். திரையில் அதை மேலிருந்து ஊடுருவிப் பார்க்கிறோம், பேப்பரைக் கவிழ்த்து இஸ்திரி போடும்போது அது தானாகத் திரும்பிக்கொள்ளும். மேல் லேயருக்கு மட்டும்தான் மிரர். அளவு 1:1 என்று வைத்தாலும், பிடிஎஃப்பாக மாற்றிய பின் பிரிண்டரில் ஃபிட் டு பேஜ் டிக் ஆகியிருந்தால் எல்லாம் சுருங்கிவிடும். பேப்பர் வந்ததும் ஒரு 16 கால் ஐசியை அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கடைசிக் கால்வரை பொருந்த வேண்டும். டிரில் மார்க் என்ற இடத்தில் ஸ்மால் என்று தேர்ந்தால் ஒவ்வொரு பேடின் நடுவிலும் ஒரு சிறு புள்ளி தாமிரமில்லாமல் குழிந்து நிற்கும். டிரில் பிட் வழுக்காமல் அங்கே போய் உட்காரும்.

ஸ்கிமேட்டிக் சரிபார்க்கும் ஈஆர்சியில் முதல் நாளே ஒரு பிழை எல்லாருக்கும் வரும். பவர் இன்புட் காலை யாரும் இயக்கவில்லை என்று சொல்லும். கனெக்டர் வழியாக மின்சாரம் வருகிறது என்பது அதற்குத் தெரியாது. பவர் ஃபிளாக் சிம்பலை அந்த லைனிலும் கிரவுண்டிலும் போட்டால் தீரும். ஈஆர்சியை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் வேண்டாம். வெளி ஃபேபுக்கு அனுப்புகிறவர்கள் எட்ஜ் கட்ஸ் லேயரில் போர்டின் வெளிக்கோடு இடைவெளியில்லாமல் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கெர்பரோடு டிரில் ஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மாணவர்கள் பென் டிரைவில் பிசிபி ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள், மறுநாள் ஸ்கிமேட்டிக் இல்லாமல் திரும்பி வருவார்கள். ஃபைல் மெனுவில் ஆர்க்கைவ் புராஜெக்ட் என்று ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டிக் கொடுக்கும். ரெக்கார்ட் நோட்டுக்குப் பதிலாக அந்த ஜிப்பையே வாங்கி வைக்கலாம் என்பது என் கருத்து. இன்டர்னல் மார்க் போடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

சிமுலேஷனுக்கு ஐஐடி பம்பாயின் ஃபாசீ திட்டம் தரும் ஈசிம் போடும் லேப்களும் இருக்கின்றன. அது கீகேட்டையும் என்ஜிஸ்பைஸையும் வைத்துக் கட்டியது, நல்ல கருவி. தன்னுடன் ஒரு கீகேட் பதிப்பையும் கொண்டுவரும் என்பதால், ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எந்தக் கீகேட் திறக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு கணினியில் இத்தனையும் செய்து பாருங்கள். ஒரு எல்இடி, ஒரு 555, ஒரு 7805 வைத்து ஒரு சின்ன போர்டு வரைந்து, பிரிண்ட் எடுத்து, உங்கள் தட்டிலேயே கரைத்து, துளையிட்டு, எரியவிடுங்கள். டிராக் எங்காவது அறுந்தால் டெம்ப்ளேட்டில் அகலத்தைக் கூட்டுங்கள். எரிந்த பிறகு அந்தக் கணினியில் உள்ளதை மற்றவற்றுக்கு நகலெடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளைகள் வேலை கேட்டு வரும்போது அந்த போர்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். மார்க் ஷீட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு பிசிபி டிசைனர்